கடலைத் தூர்த்த இடத்தில் ஒரு கடல்

'கொலம்பியா' என்ற அந்தப் பயணக் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் இரண்டு நீர்ப்பரப்புகள் தெரியும். ஒரு பக்கம் டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவுக்குள் வெட்டிய நீர்நிலையும் அதன் கரையில் புகைவிடும் செயற்கை எரிமலையும். மறுபக்கம், எல்லைக்கு அப்பால், நிஜமான டோக்கியோ விரிகுடா. கப்பல் இவை இரண்டிலும் மிதக்கவில்லை. கரையோடு கரையாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. உள்ளே உணவகமும் மதுக்கூடமும் இருக்கின்றன. ஆனாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கும்போது, எந்த நேரத்திலும் சங்கு ஊதிப் புறப்பட்டுவிடும் போலத் தோன்றுகிறது.

டோக்கியோ டிஸ்னிசீ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'உலகிலேயே அழகான தீம் பார்க்' என்ற ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரியை நான் மறுக்கப்போவதில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. கடல் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஓர் இடம் கடலைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டுத்தான் அதை எடைபோட வேண்டும்.

அடிப்படைத் தகவல்களைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவை ஒட்டி, சிபா மாகாணத்தில் இருக்கும் உராயசு நகரில் 2001 செப்டம்பர் 4 அன்று இது திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 33,500 கோடி யென். டிஸ்னியின் பெயரும் வடிவமைப்பும்தான் இங்கே இருக்கின்றன. உரிமையாளர் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அது டிஸ்னிக்கு உரிமத்தொகை கட்டி நடத்துகிறது. 1983இல் இதன் பக்கத்தில் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டையும் நடத்துவது இதே நிறுவனம்தான். டிஸ்னிசீயில் கோட்டை வடிவ அரண்மனை சின்னமாக இல்லை. பூங்கா முழுவதும் துறைமுகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஏழு, 2024 ஜூன் முதல் எட்டு.

நுழைவாயிலில் நீர் வழியும் பெரிய பூமிப்பந்து ஒன்று சுழல்கிறது. முதலில் அந்த இடத்துக்குக் கலங்கரை விளக்கத்தைத்தான் வடிவமைப்பாளர்கள் யோசித்திருந்தார்களாம். அமெரிக்கர்களுக்கு அது வரவேற்கும் விளக்கு. ஜப்பானியர்களுக்கோ தனிமையும் சோகமும் நினைவுக்கு வரும் பொருள். ஆகவே கைவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நம்மூரில் கலங்கரை விளக்கம் என்றதும் கரையில் காத்திருக்கும் வீடு மனதில் வரும். ஒரே விளக்கு மூன்று கரைகளில் மூன்று பொருள் தருகிறது. அதைக் காதில் போட்டுக்கொண்டு திட்டத்தை மாற்றியவர்கள், தங்கள் பார்வையாளர் யார் என்று தெரிந்து வேலை செய்தவர்கள். பூங்காவின் பழைய பகுதிகளில் அந்தக் கவனத்தைப் பல இடங்களில் காணலாம்.

கைத்திறனை எடைபோட ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். மத்தியதரைக் கடல் துறைமுகத்தின் எதிர்க்கரையில், எரிமலையின் அடிவாரத்தில், மறுமலர்ச்சிக் காலக் கோட்டை ஒன்று இருக்கிறது. நாடுகாண் பயணிகளும் சாகசக்காரர்களும் சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் அமைத்த சங்கத்தின் தலைமையகம் அது என்பது கற்பனைக் கதை. ரயில் போல ஏறி உட்காரும் சவாரி எதுவும் அங்கே இல்லை. நடந்து பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும். மாடியில் ஒரு வட்ட அறை. நடுவில் சூரியன், சுற்றிலும் உலோகக் கைகளில் கோள்கள். கீழே கைப்பிடிச் சக்கரங்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் ஒரு கோள் மெல்ல நகர்கிறது. நான் பார்த்தபோது ஒரு சிறுமி வெகுநேரம் ஒரே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தன் கோள் ஒரு முழுச் சுற்று வந்து சேரும்வரை அவள் நகரவில்லை. விண்மீன்களைப் பார்த்துத் திசை கண்டவர்களின் உலகத்துக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுபோக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கோபுரத்தில் ஃபூக்கோ ஊசல் ஆடுகிறது. இன்னொரு பக்கம் சிறிய பாய்மரப் படகுகளைச் சுக்கான் பிடித்து ஓட்டிப் பழகலாம். கரையில் பாய்மரக் கப்பல் ஒன்று கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது.

கணக்குப் பார்த்தால் இதில் ஒரு பிழை இருக்கிறது. லியோன் ஃபூக்கோ அந்த ஊசலைப் பாரிஸில் செய்துகாட்டியது 1851இல். 16ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள் அது இருக்க வழியில்லை. இந்தப் பிழையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூமி சுழல்வதைக் கண்முன் காட்டும் கருவி அது. கற்பிக்கும் நோக்கத்தில் காலத்தைச் சற்று வளைத்திருக்கிறார்கள். வேறிடத்தில் இதே பூங்கா வளைத்திருப்பது அப்படிப்பட்டதாக இல்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எரிமலையின் வயிற்றுக்குள் இருப்பது 'மர்மத் தீவு'. ஜூல் வெர்னின் கேப்டன் நீமோவுடைய தளம். பச்சை நீரில் அவருடைய நாட்டிலஸ் நீர்மூழ்கி பாதி முங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் '20,000 லீக்குகள்' சவாரி. ஆறு பேர் அடங்கும் சிறு கலத்தில் ஏறிக்கொண்டால் கடலடிக்குள் இறங்குகிறோம். ஜன்னலுக்கு வெளியே குமிழ்கள் எழும்புகின்றன. கையில் இருக்கும் பிடியைத் திருப்பினால் விளக்கின் ஒளி பாறைகளின் மேல் ஓடுகிறது. உடைந்த கப்பல் ஒன்று தெரிகிறது. உண்மையில் அந்தக் கலம் ஒரு துளி நீரைக்கூடத் தொடுவதில்லை. இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையில் நீர் நிரப்பிக் குமிழி விட்டிருக்கிறார்கள். வெளியே வறண்ட அறை.

இதை மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெருக்கூத்தில் ஒரு துணியை இரண்டு பேர் பிடித்தால் திரையாகிவிடுகிறது, அதைப் பார்த்து நாம் ஏமாந்தோம் என்று சொல்வதில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆழ்கடலைக் காட்டியது நாடகக் கலையின் வெற்றி. மதிப்பெண் போட்டால் முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்னிசீ என்ற பெயர் முதலில் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், குயின் மேரி கப்பல் நிற்கும் துறைமுகத்துக்காக யோசிக்கப்பட்டது. உயிருள்ள மீன்களின் காட்சிச்சாலையும் கடல் ஆய்வும் அந்தத் திட்டத்தின் நடுவில் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. பெயர் கடல் கடந்து டோக்கியோவுக்கு வந்தபோது கதைகளும் கப்பல்களும் கூட வந்தன; உயிருள்ள கடல் வரவில்லை.

உயிருள்ள கடல் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மீன் காட்சிச்சாலைக்கு வேறு இடங்கள் உண்டு. கடலில் உழைத்த மனிதர்கள் வராததை அப்படி எளிதாக விட முடியவில்லை.

நீமோவையே எடுத்துக்கொள்வோம். பூங்காவில் அவர் பின்புலம் தெரியாத அறிவியல் மேதை. வெர்ன் எழுதிய நீமோ யார்? 'மர்மத் தீவு' நாவலில் அவர் தன் அடையாளத்தை வெளியிடுகிறார்: புந்தேல்கண்ட் அரச குடும்பத்தில் பிறந்த இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர். அந்த இழப்புக்குப் பிறகுதான் கரையை விட்டுக் கடலுக்குப் போகிறார். அந்த நாவலின் பெயரையே தாங்கி நிற்கும் துறைமுகத்தில் நடந்து பார்த்தபோது, இந்த அடையாளத்தின் சுவடு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி 1870இல் வெளிவந்த 'கடலுக்கடியில் 20,000 லீக்குகள்' நாவலில் இருக்கிறது. நாட்டிலஸ் இலங்கைப் பக்கம் வந்து மன்னார் வளைகுடாவில் நிற்கிறது. நீமோ விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு முத்துப் பார்களுக்கு நடக்கிறார். அங்கே ஏழை முத்துக்குளிப்பவர் ஒருவரைச் சுறா தாக்க வருகிறது. நீமோ குறுவாளோடு பாய்கிறார். கடைசியில் அந்த மனிதரைக் காப்பாற்றிக் கையில் முத்துப்பை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போகிறார். மனித குலத்தோடு உறவை அறுத்துக்கொண்டவர் ஏன் ஒருவருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தார் என்று கேட்டதற்கு, ஒடுக்கப்பட்ட நாட்டின் மகன் அவர் என்ற பொருளில் பதில் சொல்கிறார். மூச்சை அடக்கி, காலில் கல் கட்டிக்கொண்டு மன்னார்க் கடலில் இறங்கியவர்களில் பெரும் பங்கினர் நம் இரு கரைகளின் ஆட்கள். நாவலின் நெஞ்சு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. சவாரியிலோ உடைந்த கப்பலும் மாபெரும் கணவாயும் அட்லாண்டிஸ் உயிர்களும் இருக்கின்றன. முத்துக்குளிப்பவர் இல்லை. ஐந்து நிமிடச் சவாரியில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பார்கள். காட்டத் தேர்ந்தெடுத்தவை எவை, விட்டவை எவை என்பதில்தான் ஒரு படைப்பின் மனம் தெரியும். ஊசலைப் பொறுத்துக்கொண்ட நான் இதைப் பொறுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

நேர்மையாகச் சொல்வதானால், நாடுகாண் பயணங்களின் இருண்ட பக்கத்தை இந்தப் பூங்கா அறவே மறைத்துவிடவும் இல்லை. 2006இல் திறந்த 'டவர் ஆஃப் டெரர்' இதற்குச் சான்று. அமெரிக்க நாட்டு டிஸ்னியில் இதே பெயரில் இருந்த சவாரி தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தழுவியது. இங்கே புதுக்கதை எழுதினார்கள். ஹாரிசன் ஹைடவர் என்ற பணக்காரர் உலகம் முழுவதும் சுற்றி, கோயில்களிலும் கிராமங்களிலும் இருந்த அரும்பொருள்களை அள்ளிவந்து தன் நியூயார்க் விடுதியில் குவிக்கிறார். காங்கோவிலிருந்து பறித்துவந்த சிலை 1899இன் கடைசி இரவில் அவரைக் காணாமல் ஆக்கிவிடுகிறது. கூடத்தின் சுவரோவியங்களில் அவர் கொள்ளைப் பொருளோடு தப்பி ஓடுகிறார். பின்னால் உடைமையை இழந்தவர்கள் துரத்துகிறார்கள். ஒரு கேளிக்கைப் பூங்கா இந்த அளவு துணிந்தது மெச்சத்தக்கது. ஆனால் திருடியவருக்குப் பெயர், முகம், மாளிகை எல்லாம் உண்டு. பறிகொடுத்தவர்களுக்குச் சாபம் போடும் ஒரு சிலை மட்டும்தான் மிஞ்சுகிறது. துணிச்சல் பாதியில் நின்றுவிட்டது.

'அரேபியக் கடற்கரை' என்ற துறைமுகத்தில் இருக்கும் சிந்துபாத் படகுச் சவாரியில் இதற்கு நேர்மாறானது நடந்தது. 2001இல் திறந்தபோது அரக்கர்களும் ஆபத்தும் நிறைந்த பயணமாக அது இருந்தது. கூட்டம் சேரவில்லை. 2007இல் அதை மாற்றினார்கள். சிந்துபாத்துக்குச் சந்து என்றொரு புலிக்குட்டி துணைக்கு வந்தது, ஆலன் மென்கன் இசையில் ஒரு பாட்டு வந்தது, அரக்கர்கள் நண்பர்களானார்கள். பாட்டு இனிமையானது, குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். எனக்கோ இழப்பாகத்தான் தோன்றுகிறது. செரந்தீப் வரை போய்ச் சேர்ந்த மாலுமியின் கதையில் ஒவ்வொரு பயணத்திலும் ஆபத்து காத்திருக்கிறது. கடல் பயமுறுத்தாத இடத்தில் மாலுமிக்கு என்ன வேலை?

பிறகு நடந்த மாற்றங்களும் அதே போக்கில்தான். 2012இல் டாய் ஸ்டோரி. 2016இல், புயலின் கண்ணுக்குள் பறக்கும் 'ஸ்டார்ம்ரைடர்' மூடப்பட்டு, அடுத்த ஆண்டு அதே இடத்தில் நீமோ என்ற கோமாளி மீனின் சவாரி. புயலைப் பற்றிய ஒரே சவாரி போயிற்று. 2024இல் திறந்த எட்டாவது துறைமுகமான 'ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ்' ஏறக்குறைய 32,000 கோடி யென் செலவில் எழுந்தது. ஃப்ரோஸன், ராப்பன்ஸல், பீட்டர் பான் என்று மூன்று திரைப்படங்களின் உலகம். பெயரிலேயே இருப்பது ஊற்று. கடலுக்கும் ஊற்றுக்கும் உள்ள தூரம் சிறியதன்று. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பழைய துறைமுகங்கள் நம்மை ஒரு காலத்துக்கும் ஊருக்கும் கூட்டிப்போயின. புதியது நாம் ஏற்கெனவே பார்த்த படத்துக்குக் கூட்டிப்போகிறது. வணிகக் காரணம் புரியாமல் இல்லை. 2001இன் பூங்காவில் சிறு குழந்தைகளுக்கு வேண்டியது குறைவாக இருந்தது என்பதும் உண்மை. படங்களைத் துணைக்கு அழைக்காமலேயே அவர்களைக் கவர முடியும் என்பதை டஃபி என்ற கரடிப் பொம்மையை வைத்து இதே பூங்கா காட்டியிருக்கிறது. நீண்ட கடற்பயணம் புறப்படும் மிக்கிக்குத் தனிமை தெரியாமல் இருக்க மின்னி தைத்துக் கொடுத்த கரடி அது. சிறிய கதைதான். ஆனால் பிரிவு இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது. கடல் தெரிந்தவர் எழுதிய கதை.

அந்தக் கரடியின் வீடு 'கேப் காட்' என்ற பகுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்து மீனவக் கிராமத்தின் நகல். மர வீடுகள், சிறிய கலங்கரை விளக்கம், கரையில் படகுகள். இதமான இடம். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் என் மதிப்பீடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தது. காலுக்குக் கீழே இருந்த நிலம் மற்றொரு மீனவ ஊரின் கடல்.

உராயசு மட்டியும் நோரி என்ற உணவுப் பாசியும் எடுத்துப் பிழைத்த ஊர். தட்டையான அடிப்பாகம் கொண்ட சிறிய மரப்படகில் தனியாளாகப் போய்ப் பாசி பறிப்பார்கள். அந்தப் படகுக்குப் 'பெக' என்று பெயர். 1958இல் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த காகித ஆலையின் கறுப்புக் கழிவுநீர் விரிகுடாவில் கலந்து மட்டிகள் செத்தன. ஜூன் மாதம் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள், காவல்துறையோடு மோதல், பலர் காயமடைந்தார்கள், கைதானார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நீர்நிலைத் தூய்மைக்கான ஜப்பானின் முதல் சட்டங்கள் நிறைவேறின. கடல் தேறவில்லை. 1962இல் மீன்பிடி உரிமையின் ஒரு பகுதியையும் 1971இல் மீதி முழுவதையும் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். கடல் தூர்க்கப்பட்டது.

இதற்கும் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உராயசுக் கடலைத் தூர்த்து மேம்படுத்துவதற்கென்றே 1960இல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் ஓரியண்டல் லேண்ட். வீடுவீடாகப் போய் மீனவர்களோடு குடித்துப் பேசி இழப்பீட்டை முடித்த மசதோமோ தகாஹாஷிதான் பிற்காலத்தில் அதன் தலைவராகி டிஸ்னியைக் கொண்டுவந்தார். பூங்காதான் அந்தக் கடலைக் கொன்றது என்று சொல்வது நியாயமாகாது. ஆலைகளும் பெருநகரமும் முன்பே பாதி வேலையை முடித்திருந்தன. இழப்பீடும் தரப்பட்டது. ஆனால் கடலைப் பற்றிப் பூங்கா கட்ட முடிவெடுத்தவர்கள், தங்கள் சொந்த ஊர்க் கடலின் கதையைத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இத்தாலி இருக்கிறது, நியூயார்க் இருக்கிறது, நடு அமெரிக்கக் காடு இருக்கிறது. எட்டுத் துறைகளில் ஜப்பானியத் துறை ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டைக் காணத்தான் மக்கள் வருகிறார்கள் என்ற பதில் அரைப் பதில். கேப் காட் மீனவரின் வலையைச் சுவரில் மாட்டத் தெரிந்தவர்களுக்குப் பெக படகு ஒன்றைக் கரையில் கட்டிவைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் அந்த நிலம் தான் யார் என்று காட்டியது. உராயசுவின் தூர்க்கப்பட்ட பகுதிகளில் மண் குழம்பாகிச் சேறும் நீரும் பொங்கின, வீடுகள் சாய்ந்தன. இரு பூங்காக்களிலும் அன்று ஏறக்குறைய 70,000 பேர் இருந்தார்கள். நிலத்தை முன்கூட்டியே இறுக்கிக் கட்டியிருந்ததால் கட்டடங்கள் தாங்கின. ஊழியர்கள் விற்பனைப் பொம்மைகளை எடுத்துக் கொடுத்துத் தலையை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். சுமார் 20,000 பேர் அந்த இரவை அங்கேயே கழித்தார்கள். டிஸ்னிசீ மீண்டும் திறந்தது ஏப்ரல் 28 அன்று. கட்டியவர்களின் பொறுப்புணர்வுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டடக் கலையாக, நாடகமாக, நடந்து பார்க்கும் இடமாக 2001இன் டிஸ்னிசீக்கு ஈடான தீம் பார்க் வேறில்லை. கடலைப் பற்றிய படைப்பு என்று பார்த்தால் அது பாதிதான் வெற்றி. கப்பலையும் கேப்டனையும் வரைபடத்தையும் அறிந்த பூங்காவுக்கு முத்துக்குளிப்பவரையும் பாசி பறித்தவரையும் தெரியவில்லை. 2012க்குப் பிறகு சேர்த்தவை அந்தப் பாதியையும் மெல்லக் குறைத்துவருகின்றன.

டோக்கியோ போகிறவர்கள் இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 2023 அக்டோபரில் பெரியவர்களுக்கு ஒருநாள் நுழைவுச்சீட்டு நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை இருந்தது. வரிசை நீண்ட சவாரிகளுக்கு ஓடும் முன் கோட்டைக்குப் போய்க் கோள்களைச் சுற்றிப் பாருங்கள். மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் உராயசு நகர அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். 1952 வாக்கில் இருந்த மீனவ ஊரை வீடும் கடையும் கால்வாயுமாக அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள். பெக படகுகள் நீரில் கிடக்கின்றன. அதுவும் திறந்தது 2001இல்தான், டிஸ்னிசீக்கு ஐந்து மாதம் முன்பு.